அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த அட்டை

அன்புள்ள அக்கா,

அம்மா அரூர் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பெங்களூரில் இருக்கும் அண்ணன்தான், "பள்ளிக்கூடப் படிப்போடு நிற்கிறவரை நம்பி உடம்பைக் கொடுப்பதா, அந்தப் பணத்தில் இன்னும் நாலு டாக்டரைப் போடலாமே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

அண்ணன் அம்மாவை நினைத்துத்தான் பேசுகிறார், அதனால் சண்டை வேண்டாம். என் அத்தைக்கு நடந்ததை அவரிடம் சொல்லுங்கள்.

அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒவ்வொரு முறையும் "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா" என்று கேட்பார், அத்தை தலையை ஆட்டுவார், சர்க்கரை மட்டும் இறங்கவே இறங்காது. வீட்டுக்கு வந்த பெண் அதைக் கேட்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பையை இறக்கி வைத்துவிட்டு, "பழைய மாத்திரை அட்டையைக் கொண்டாங்க" என்றார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. முடிந்திருக்க வேண்டிய அட்டையில் 11 மாத்திரை பாக்கி. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற அன்று அத்தை வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவார், மாத்திரை போட்டால் 10 மணிக்கெல்லாம் கை நடுங்கித் தலை சுற்றும், எல்லார் முன்னாலும் விழுந்துவிடுவோமோ என்று பயந்து அந்த நாட்களில் மட்டும் போடாமல் விட்டிருக்கிறார். அந்தப் பெண் தானாக மருந்தில் கை வைக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டுபோய் நர்சம்மாவிடம் சொன்னார், டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இன்னும் நாலு டாக்டர் வந்திருந்தாலும் அந்த அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் கிடந்திருக்கும்.

படிப்பைப் பற்றிக் கேட்டால் கட்சிரோலியைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 1980களில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க ஒரு நிமிட மூச்சை எண்ண வேண்டும், ஊர் மருத்துவச்சிகளுக்கோ 60 வரை எண்ண வராது. அதனால் மணிச்சட்டம் மாதிரி ஒன்றும் ஒரு நிமிட மணல் கடிகாரமும் செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும், மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் ஆபத்து. அவ்வளவுதான்! பிறகு 39 ஊர்களில், ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை படித்த உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, பிறந்த குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வைத்தார்கள். தொற்று கண்ட குழந்தைக்கு ஊசிகூட அவர்களே போட்டார்கள். ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மூன்றாவது வருடத்தில் 25 பக்கம் வந்துவிட்டது. இந்த ஏற்பாடு இல்லாத ஊர்களில் 60ஐ ஒட்டியே நின்றது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த கணக்கு இது. இன்று ஆஷா பணியாளர்கள், அதாவது அரசு சுகாதாரத் திட்டத்தில் ஊருக்குள்ளேயே வேலை பார்க்கும் பெண்கள், பிரசவமான வீட்டுக்கு 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று முறை வைத்துப் போவதற்கு அதுதான் வழிகாட்டி.

அண்ணனின் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. கட்சிரோலியில் மேலிருந்து ஆள் வந்து வந்து பார்த்தார்கள்.

எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற அந்தப் பெண்ணுக்குப் பெயர் 'தன்னார்வலர்'. கையில் வருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. ஆஷாக்களுக்கும் இதே கதைதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள், 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லித் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் தெருவில் உட்கார்ந்தார்கள், மாதக்கணக்கில். தினமும் செய்தே ஆக வேண்டிய வேலையை எந்தக் கணக்கில் தொண்டு என்கிறோம்? அண்ணன் பணத்தைப் பற்றிக் கேட்டாரே, பேச வேண்டிய பணம் இதுதான்.

அடுத்த முறை அண்ணன் ஊருக்கு வருவதை அந்தப் பெண் வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அம்மாவின் பழைய அட்டைகளை மட்டும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.