மாத்தோருக்கு உடன்பிறப்பு யார்?

கேள்வி: சைபீரியாவில் அழிந்துபோன மாத்தோர் மொழியைச் சில நூல்கள் கமாஸ் மொழியோடு சேர்த்து 'சயான் கிளை' என்கின்றன. வேறு சில, தனிக்கிளை என்கின்றன. ஒரு மொழியின் இனத்தைக்கூடவா அறிஞர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது?

பதில்: இனத்தில் ஐயமே இல்லை. மாத்தோர், யூரலியக் குடும்பத்துச் சமோயெத மொழி. நெனெட்ஸ், எனெட்ஸ், ஙனசான், செல்கூப், கமாஸ் எல்லாம் அதற்குப் பங்காளிகள். கூடப்பிறந்தது எது என்பதில்தான் வழக்கு.

'சயான் கிளை' என்பது நிலப்படத்தைப் பார்த்துப் போட்ட முடிச்சு. இரண்டும் சயான் மலையின் வடபுறம் பேசப்பட்டவை. இரண்டிலும் துருக்கிய மொழிக் குடும்பத்துக் கடன்சொற்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் கடன் வாங்கினால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? சமோயெத மொழிகள் எல்லாவற்றுக்கும் தாயான மூலமொழியில் இல்லாத மாற்றம் ஒன்று இந்த இரண்டில் மட்டும் சேர்ந்து நடந்திருக்க வேண்டும், அதுதான் சாட்சி. மூலமொழிச் சொற்களை இரண்டும் எத்தனை காப்பாற்றி வைத்திருந்தாலும் அது இந்த வழக்கில் செல்லாது.

அந்தச் சாட்சியைத் தேட மாத்தோரில் நம்மிடம் இருப்பது சொற்பட்டியல்கள் மட்டுமே. மெஸ்ஸெர்ஷ்மிட் (1720கள்), முல்லர் (1730கள்), பல்லாஸ் (1770கள்), ஸ்பாஸ்கி (1806) எனப் பயணம் போனவர்கள் எழுதிவைத்தவை. கமாஸ் மொழியின் கடைசிப் பேச்சாளர் கிளாவ்டியா பிளாட்னிகோவா 1989 வரை வாழ்ந்தார்; அவர் பேச்சு ஒலிநாடாவில் இருக்கிறது. மாத்தோரோ 1840களிலேயே மறைந்துவிட்டது. பட்டியலில் ஐயம் வந்தால் திருப்பிக் கேட்க ஆளில்லை.

பட்டியலிலும் கண்ணி உண்டு. 'கை' என்ன என்று கேட்டால் 'என் கை' என்று பதில் வரும். சமோயெத மொழிகளில் உடைமை விகுதி சொல்லின் கடைசியில் ஒட்டும். அதையும் வேர் என்று எண்ணி ஒப்பிட்டால் கணக்கு கெடும். ஆனால் இலக்கணமே எழுதப்படாத மொழிக்கு இப்படித் தவறி ஒட்டிவந்த விகுதிகள்தாம் இலக்கணம்! இவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டிச் சலித்து 1997இல் நூலாக்கிய மொழியியலாளர் ஹெலிம்ஸ்கி, மாத்தோரைக் கமாஸோடு கட்டவில்லை, தனிக்கிளையாகவே வைத்தார். இன்னொரு மொழியியலாளர் யான்ஹுனெனும் தனியாகத்தான் வைக்கிறார். என் வாக்கும் அவர்களுக்கே. செல்கூப், கமாஸ், மாத்தோர் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் 'தென் சமோயெதம்' என்ற தலைப்பைத் திசைப்பெயராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலில் 'கரகாஸ்' என்று கண்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் அது மாத்தோரை ஒட்டிய சமோயெதப் பேச்சு. பிற்கால நூல்களில் அதே பெயர் தோஃபா மக்களின் துருக்கிய மொழியைக் குறிக்கும். பட்டியலின் ஆண்டைப் பார்க்காமல் சொல்லை எடுக்காதீர்கள்.