கணினி கேள்வி–பதில்: ‘இடம் போதவில்லை’ என்றால் எந்த இடம்?

இயங்குதளத்தை மேம்படுத்தும்போது வன்தட்டில் இடம் போதாமல் தடைபட்டு நிற்பது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதை அழிப்பது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை அழித்துவிட்டு, பிறகு வருந்தி எழுதுகிற வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மடிக்கணினியில் 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ளது. வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் வின்டோஸ் 11-க்கு மாற முயன்றேன். சி டிரைவில் 9 ஜிபி காலியாக இருந்தும் போதிய இடம் இல்லை என்று நின்றுவிடுகிறது. தரவிறக்கும் கோப்பு அதைவிடச் சிறியதுதானே? குடும்பப் புகைப்படங்களை அழித்துவிட்டு மீண்டும் முயலலாமா?

பதில்: புகைப்படங்களைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். கணினி தானாக உருவாக்கிய கோப்பு போனால் மீண்டும் உருவாகிவிடும். நீங்கள் எடுத்த படம் போனால் போனதுதான். முதலில் அவற்றை ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் போதுமானதாக இருந்தாலும் மேம்படுத்தலுக்கு முன் செய்தே ஆக வேண்டிய வேலை இது.

தரவிறக்கும் கோப்பு சிறியதாக இருந்தும் ஏன் போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்பு சுருக்கப்பட்ட நிலையில் வருகிறது. அதை விரித்து, புதிய இயங்குதளத்தைப் பழையதன் பக்கத்திலேயே அடுக்கி வைத்து, பிறகு பழையதை ‘வின்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறைக்கு மாற்றுகிறது கணினி. நடுவழியில் மின்சாரம் போனாலோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) ஒத்துழைக்காமல் போனாலோ பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆக, சில மணி நேரத்துக்காவது ஒரே டிரைவில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. வின்டோஸ் 11-க்கு 64 ஜிபி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டிருப்பது சேமிப்பகத்தின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கிறது, காலியிடத்தை அல்ல. 64 பிட் வின்டோஸை மேம்படுத்தக் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் அளவு. நான் 30 ஜிபி வரும்வரை தொடங்குவதில்லை.

உங்கள் 128 ஜிபி, கணினியில் 119 ஜிபி என்றுதான் தெரியும். இதில் குறை எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், வின்டோஸ் 1024-இன் மடங்காக எண்ணுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

இனி இடத்தைத் தேடுவோம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று போனால், எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் இடம்பெறுவதால், அதற்கு எதிரே குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். சான்றிதழ்களையும் ரசீதுகளையும் தரவிறக்கி அங்கேயே விட்டுவைப்பவர்கள் நம்மில் அதிகம். டிஸ்க் கிளீனப்பைப் பயன்படுத்தினால், முதலில் தெரியும் பட்டியலோடு நின்றுவிடாமல் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ பொத்தானையும் அழுத்துங்கள். பழைய அப்டேட்களின் மிச்சங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

இவற்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஹைபர்நேட் கோப்பு; கணினி அணையும் முன் ரேமில் இருப்பதை அப்படியே சேமித்து வைக்கும் கோப்பு அது. வின்டோஸ் 10-இல் அது பெரும்பாலும் ரேம் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் இருந்தால் ஏறத்தாழ 3 ஜிபி. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேட்டை நிறுத்தினால் அந்த இடம் உடனே திரும்பிவிடும்; மேம்படுத்தல் முடிந்ததும் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். மற்றொன்று, கைபேசியின் பேக்கப். ஒரு நண்பரின் மடிக்கணினியில் நாள் முழுவதும் தேடிவிட்டு, கடைசியில் மறைத்து வைக்கப்பட்ட ஆப்டேட்டா கோப்புறைக்குள், அவர் எப்போதோ விற்றுவிட்ட ஐபோனின் பேக்கப் 40 ஜிபிக்கு மேல் இருப்பதைக் கண்டேன். அதை நீக்கியபின் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் தேறவில்லை என்றால், 10 ஜிபிக்கு மேல் காலியாக உள்ள ஒரு பென் டிரைவையோ வெளி வன்தட்டையோ இணைத்துக்கொண்டு மேம்படுத்த வின்டோஸே வழி தருகிறது. வேலை முழுதாக முடியும்வரை அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது, ஆனால் டி டிரைவில் 300 ஜிபி சும்மா கிடக்கிறது. டி-யைச் சுருக்கி 50 ஜிபி எடுத்தும் விட்டேன். ஆனால் சி-யில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையின் கீழ்ப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். பார்ட்டிஷன்கள், அதாவது வன்தட்டைப் பிரித்த பகுதிகள், இடமிருந்து வலமாக, ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அறைகளைப் போல வரிசையாக இருக்கும். சி-யைப் பெரிதாக்க வேண்டுமானால், காலியிடம் அதன் வலப்புறச் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். நீங்கள் டி-யைச் சுருக்கியபோது காலியான 50 ஜிபி டி-யின் வலப்புறக் கோடியில் போய் நின்றுவிட்டது. சி-க்கும் அதற்கும் நடுவில் டி முழுவதும் இருக்கிறது. பல கணினிகளில் சி-யை அடுத்து, கணினி பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்றும் உட்கார்ந்திருக்கும்.

பார்ட்டிஷன்களை நகர்த்தித் தரும் தனி மென்பொருள்கள் உண்டு. ஆனால் அந்த வேலையின் நடுவே மின்சாரம் நின்றால் முழு பார்ட்டிஷனும் படிக்க முடியாமல் போகக்கூடும் என்பதால், பேக்கப் இல்லாத ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தேவைக்கு எளிய வழி வேறு இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய ஒவ்வொரு கோப்புறையின் மீதும் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘லொகேஷன்’ பகுதிக்குப் போய், டி டிரைவில் ஓரிடத்தைக் காட்டினால், உள்ளிருப்பவை அனைத்தும் அங்கே போய்விடும். கணினியும் இனி அங்கேயே சேமிக்கும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். நிறுவிய மென்பொருள்கள் தாம் இருக்கும் இடத்தை வின்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்திருப்பதால், இடம் மாறினால் திறக்காமல் போகும்.

கேள்வி: சி டிரைவில் 60 ஜிபி காலியாக இருக்கிறது. ஆயினும் ‘சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை மேம்படுத்த முடியவில்லை’ என்ற செய்தியே வருகிறது. இன்னும் எவ்வளவு அழிப்பது?

பதில்: சி டிரைவில் எதையும் அழிக்க வேண்டாம். அந்தச் செய்தி குறிப்பிடுவது வேறொரு இடத்தை. கணினியைத் தொடங்கி வைக்கும் கோப்புகளுக்கென்று, டிரைவ் எழுத்து இல்லாமல், பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு சிறிய பார்ட்டிஷன் தனியாக இருக்கிறது. புதிய கணினிகளில் அது இஎஃப்ஐ பார்ட்டிஷன். மேம்படுத்தலுக்கு அதற்குள் 15 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும். சி-யில் 60 ஜிபி அல்ல, 600 ஜிபி இருந்தாலும் அது இதற்கு உதவாது.

மவுண்ட்வால் கட்டளையால் அந்தப் பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுத்து, அதனுள் மைக்ரோசாஃப்ட்டின் பூட் கோப்புறையில் இருக்கும் எழுத்துருக் கோப்புகளை மட்டும் நீக்குமாறு மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது. பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வேறு எந்தக் கோப்பையும் தொட்டுவிடாதீர்கள். அங்கே ஒன்று தவறினால் கணினி தொடங்கவே தொடங்காது. கட்டளை எழுதிப் பழக்கமில்லை என்றால், பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ரெக்கவரி பார்ட்டிஷனிலும் இதே சிக்கல் வருவதுண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு வின்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்டுக்கு அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. அது இல்லாத கணினிகளில், இடம் என்ற சொல்லே இல்லாத ஒரு பிழை எண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான், எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் முன் எதையும் அழிக்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன்.

கேள்வி: வின்டோஸ் கோப்புறைக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று 10 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. அழித்துவிடலாமா?

பதில்: கூடாது. இயங்குதளத்தின் உறுப்புகளே அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள கோப்புகளில் பல, சிஸ்டம்32 போன்ற பிற கோப்புறைகளிலும் அதே கோப்பாகவே இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே கோப்பு இரண்டு இடங்களில் கணக்கிடப்பட்டு அளவு பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் தேவையற்றதை நீக்க டிஐஎஸ்எம் என்ற கருவி இருக்கிறது. அதைக் கொண்டு மட்டும் துப்புரவு செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸ் வகையான உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு மாற்ற முயன்றேன். ‘பூட்’ பகுதியில் இடம் இல்லை என்று கைவிட்டுவிட்டது. மூலப் பகுதியில் 80 ஜிபி காலியாக உள்ளது.

பதில்: வன்தட்டை முழுவதுமாகக் குறியாக்கம் செய்து நிறுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; அவ்வாறு நிறுவும்போது ‘பூட்’ தனிப் பார்ட்டிஷனாக, சிறியதாக அமைகிறது. கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பு ஒன்று அங்கே வந்து சேர்கிறது. பழையவை போகாமல் தங்கினால் இடம் தீர்ந்துவிடும். மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியான ஏபிடியின் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை, இனித் தேவையில்லாத கெர்னல்களை முறையாக நீக்கும். அந்தக் கோப்புறைக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிப்பதை மட்டும் தவிருங்கள். அழித்தது ஏபிடிக்குத் தெரியாது. இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அடுத்த அப்டேட்டில் தடுமாறும். தற்போது இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண்ணை ‘யூநேம்’ கட்டளையால் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அது நீக்கும் பட்டியலில் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மேக் கணினியில் 30 ஜிபி அளவுக்கு வீடியோக்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். ஆனால் காலியிடம் கூடவே இல்லை.

பதில்: மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினைப் பயன்படுத்துகிறவராக இருந்தால், அழித்த வீடியோக்கள் உள்வன்தட்டிலுள்ள ஸ்னாப்ஷாட்களில் (அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்தவை) இன்னும் இருக்கின்றன. அவை 24 மணி நேரம் வரை தங்கும், பிறகு தாமாகவே நீங்கும். ஒரு நாள் பொறுத்திருந்து மீண்டும் பாருங்கள். அவசரம் என்றால் டிஸ்க் யுட்டிலிட்டியில் அவற்றைப் பார்த்து நீக்கலாம்.

இடம் குறைவாக இருக்கும்போது, ‘எப்படியும் எச்சரிக்கும்’ என்று நம்பி மேம்படுத்தலைத் தொடங்கிவிடாதீர்கள். 2020-இல் வெளிவந்த மேக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்புக்கு, சியராவிலிருந்தோ அதற்குப் பிந்தைய பதிப்பிலிருந்தோ மாற 35.5 ஜிபி தேவைப்பட்டது. ஆனால் நிறுவும் மென்பொருள் காலியிடத்தைச் சரியாகச் சோதிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டதால், சில கணினிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டன. 2021 பிப்ரவரியில்தான் அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. இடையில் மாட்டியவர்களில், பேக்கப் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கவலை இல்லாமல் இருந்தது.

கேள்வி: வின்டோஸ் 11-க்கு வெற்றிகரமாக மாறிவிட்டேன். ஆனால் முன்பிருந்ததைவிட 20 ஜிபிக்கு மேல் காலியிடம் குறைந்திருக்கிறது. திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதல் பதிலில் சொன்ன ‘வின்டோஸ்.ஓல்டு’ கோப்புறைதான் அந்த இடத்தை வைத்திருக்கிறது. 10 நாட்களில் கணினியே அதை நீக்கிவிடும். அதற்குள் அச்சுப்பொறி, ஸ்கேனர், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு ஆகியவை அனைத்தும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று முரண்டு பிடித்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப அந்தக் கோப்புறை தேவைப்படும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியானபின், 10 நாட்கள் காத்திருக்க விருப்பமில்லை என்றால், கோப்புறையை நேரடியாக அழிக்க முயலாமல், ஸ்டோரேஜில் உள்ள தற்காலிகக் கோப்புகள் பட்டியலில் ‘முந்தைய வின்டோஸ் நிறுவல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.