சான்று பெறாத வைஃபை கருவிகள்: பொறுப்பு யாரைச் சேரும்?

கேள்வி: வைஃபைக்குத்தான் உரிமமே வேண்டாமே, பிறகு கருவிக்கு ஏன் சான்றிதழ்?

உரிமம் வேண்டாம் என்பது நிபந்தனையோடு கூடிய சலுகை. ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிக்க இயலாது என்பதால்தான், கருவியின் திறனையும் அலைவரிசையையும் முன்கூட்டியே அளந்து சான்றளிக்கும் முறை வந்தது. சான்றில்லாத கருவியை இயக்கினால் அந்தச் சலுகை பொருந்தாமல் போய், பல நாடுகளில் அது உரிமமின்றி அலைபரப்பியதாகவே கொள்ளப்படும்.

கேள்வி: குற்றம் விற்றவருடையதுதானே?

அவருடையதும்தான். ஆனால் விற்பது ஒரு குற்றம், இயக்குவது வேறொன்று. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் (எஃப்சிசி) விதிகளின் 15ஆம் பகுதிப்படி, தன் கருவி பிறருக்குத் தீங்கான இடையூறு செய்வதாக ஆணையம் அறிவித்தால், அதைச் சரிசெய்யும்வரை இயக்குபவர் நிறுத்தியே ஆகவேண்டும். கருவி சான்று பெற்றதாயினும் இதற்கு விலக்கில்லை. 'தெரியாமல் வாங்கினேன்' என்பது அபராதத்தைக் குறைக்கக்கூடும், நிறுத்தும் கடமையை நீக்காது. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது தனி வழக்கு. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சான்று பெற்ற ரவுட்டரில் பெரிய ஆன்டெனா பொருத்தி, எந்த நாட்டு விதிப்படி இயங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டையும் மாற்றியிருக்கிறேன். தவறா?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் கவலை தருவது இதுதான். சான்றிதழ் பெட்டிக்கு மட்டும் உரியதன்று; ஆன்டெனா, மென்பொருள், திறன் அளவு எல்லாம் சேர்ந்த அமைப்புக்கே உரியது. ஆன்டெனாவின் ஆதாயம், அதாவது அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு, 3 டெசிபல் கூடினாலே, அது நோக்கும் திசையில் வெளிப்படும் அலைத்திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது, ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அனுமதி 100 மில்லிவாட்தான். குறியீட்டை மாற்றுவது இதனினும் மோசம், ஏனெனில் ரேடாரைக் கண்டதும் கருவி தானாக விலகிக்கொள்ளும் வசதி அதனால் செயலிழக்கக்கூடும். 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை விமான நிலைய வானிலை ரேடார்கள் இயங்குகின்றன. பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் இத்தகைய ரேடாருக்கு இடையூறு செய்த கம்பியில்லா இணையச் சேவையாளர்களுக்கு அமெரிக்க ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது.

கேள்வி: ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் சிஇ முத்திரை இருந்தால் போதுமா?

ஐரோப்பாவில் பெரும்பாலும் போதும். பிற நாடுகளில் அந்தந்த நாட்டுச் சான்றே செல்லும். பெரும்பாலான கருவிகளில் சிஇ முத்திரை தயாரிப்பாளர் தாமே தரும் உறுதிமொழி என்பதால், இணக்க அறிவிப்பு ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அபராதத்தோடு முடிந்துவிடுமா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தில் கருவியைப் பறிமுதல் செய்யவும், சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு.