கேள்வி – பதில்: அறுவதற்கு முன் கம்பி எவ்வளவு நீள வேண்டும்?

கேள்வி: வீட்டின் கூரைத் தளத்துக்கு 500டி ரகத்தில் 12 மி.மீ. டிஎம்டி கம்பி வாங்கி, ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நெகிழ்வுத் தகைவு (கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் அளவு விசை, பரப்புக்கு இவ்வளவு என்று) சதுர மில்லிமீட்டருக்கு 548 நியூட்டன், இறுதி இழுவலிமை (கம்பி தாங்கும் உச்ச அளவு) 612, நீட்சி (அறும்போது கூடியிருக்கும் நீளம்) 13 விழுக்காடு என்று அறிக்கை வந்திருக்கிறது. "500 கேட்டீர்கள், 548 இருக்கிறது; இது இன்னும் நல்ல கம்பி" என்கிறார் கடைக்காரர். ஏற்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்த அறிக்கையை மட்டும் வைத்து 500டி என்று ஏற்க வேண்டாம். கம்பிகளுக்கான ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலையின்படி இந்த ரகத்தின் நெகிழ்வுத் தகைவு 500க்குக் குறையக் கூடாது. இறுதி வலிமை, அளந்து கண்ட நெகிழ்வுத் தகைவைவிடப் பத்து விழுக்காடாவது கூடுதலாகவும் 565க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 548க்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 603. உங்கள் கம்பி 612 காட்டுவதால் இவ்விரண்டிலும் தேறிவிட்டது. ஆனால் நீட்சி 16 விழுக்காடாவது இருக்க வேண்டிய இடத்தில் 13தான் உள்ளது. சாதாரண 500 ரகத்துக்கு 12 விழுக்காடே போதும் என்பதால் அந்த ரகமாக இது தேறும். நீங்கள் கேட்ட ரகமாகத் தேறாது.

வலிமை கூடினால் கம்பி சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முறையாக வடிவமைத்த உத்தரத்தில் சுமை மிகும்போது முதலில் கம்பி நெகிழ்ந்து நீளும். கான்கிரீட்டில் விரிசல் அகன்று, உத்தரம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்யும். வீட்டில் இருப்பவர்கள் வெளியேறக் கிடைக்கும் அவகாசம் அந்த நீட்சியில்தான் இருக்கிறது. 'டி' என்ற எழுத்துக்காக நாம் கூடுதல் விலை கொடுப்பது அதற்காகவே.

எனினும் கம்பியைத் திருப்பி அனுப்புமுன் சோதனையையும் சரிபார்க்க வேண்டும். நீட்சியை அளக்கும் குறிநீளம் (இழுக்குமுன் கம்பியில் குறித்துக்கொள்ளும் நீளம்) விட்டத்தின் ஐந்து மடங்கு, அதாவது உங்கள் கம்பியில் 60 மி.மீ. அறுந்த இரு துண்டுகளையும் பொருத்தி அளக்கும்போது 16 விழுக்காட்டுக்கு 69.6 மி.மீ. வர வேண்டும், 13 விழுக்காடு என்றால் 67.8 மி.மீ. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், துண்டுகளைச் சரியாகப் பொருத்தாமல் அளந்தாலே முடிவு மாறிவிடும். கம்பி இயந்திரத்தின் பிடிக்குள்ளோ குறிநீளத்தின் ஓரத்திலோ அறுந்திருந்தால், அந்த நீட்சி அளவை நம்ப முடியாது. கம்பியைக் கடைசல் பிடித்து மெலிதாக்கிச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்; டிஎம்டி கம்பியின் வலிமையில் கணிசமான பங்கு, நீர் பாய்ச்சிக் கடினமாக்கப்பட்ட அதன் புறவளையத்தில் இருக்கிறது; அதைச் சீவிவிட்டால் மென்மையான உட்பகுதியைத்தான் சோதித்தவர்கள் ஆவோம். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு துண்டு தவறினால், அதே தொகுதியிலிருந்து மேலும் இரண்டு மாதிரிகளைச் சோதிக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. இரண்டும் தேறினால் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் மென் எஃகுத் துண்டை இழுத்தபோது, விசை உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைந்து, அதன் பின்னரே துண்டு அறுந்தது. குறைந்த விசையில் அது எப்படி அறுகிறது? – பட்டயப் படிப்பு மாணவி, சேலம்

பதில்: உச்சம் வரை துண்டு நெடுக ஒரே சீராக மெலிகிறது, நீள நீள எஃகு இறுகுவதால் அந்த மெலிவு ஈடாகிவிடுகிறது. உச்சத்துக்குப் பிறகு ஓரிடத்தில் மட்டும் கழுத்துப்போல் ஒடுங்குவதால், தாங்கும் மொத்த விசை குறைகிறது. ஆனால் நாம் தகைவைக் கணக்கிடுவது தொடக்கத்தில் இருந்த குறுக்குப் பரப்பால் வகுத்து. ஒடுங்கிய கழுத்தின் பரப்பால் வகுத்துப் பாருங்கள், அங்கே தகைவு அறும்வரை ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதே இயந்திரத்தில் வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றையும் இழுத்துப் பார்க்க ஆசிரியரிடம் கேளுங்கள்: அதில் கழுத்து விழாது, ஏறிய விசையிலேயே குறுக்காக முறிந்துவிடும்.