சிக்ஸ்த் ஃபோம் கேள்வி பதில்: பாடம் மூன்றுதான், மற்றதெல்லாம் எதற்கு?

லண்டனில் ஓர் அரசுப் பாடசாலையில் சிக்ஸ்த் ஃபோம் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். சிக்ஸ்த் ஃபோம் என்றால் 16 முதல் 18 வயது வரையான கடைசி இரண்டு வருடம், இயர் 12, இயர் 13. அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்னவும் கேளுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் முறையே வேறு.

ஹரோ அம்மா: மிஸ், மகன் இந்த முறை இயர் 12. கால அட்டவணையில் மூன்றே மூன்று பாடம். நடுவில் வெறும் கட்டங்கள். புதன் பின்னேரம் 'என்ரிச்மென்ட்' என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் தட்டுப்பாட்டுக்கு வைத்த பெயரா இது?

பதில்: சில இடங்களில் அந்தப் புதன் பின்னேரம் உண்மையிலேயே சும்மாதான் போகிறது, அதனால் உங்கள் சந்தேகத்தில் பிழை இல்லை. ஆனால் ஏற்பாடு இதுதான்: 16, 17 வயது முழுநேர மாணவருக்கான முழுத் தொகையை அரசிடம் பெற வேண்டுமென்றால், பாடசாலை வருடத்துக்குக் குறைந்தது 580 மணி நேரம் திட்டமிட்டுக் காட்ட வேண்டும். முன்பு 540 ஆக இருந்ததை 2022இல் கூட்டினார்கள். ஒரு ஏ லெவல் (ஊரில் உயர்தரம், பிளஸ் டூ மாதிரி) பாடத்துக்கு வாரம் நாலைந்து மணி நேரம் போனால் அதில் பெரும்பகுதி நிரம்பிவிடும். மிச்சத்தில்தான் டியூட்டர் (பிள்ளையைக் கவனிக்கும் வகுப்பாசிரியர்) நேரம், தொழில் வழிகாட்டல், வேலை அனுபவம், பாடத்துக்கு வெளியே விளையாட்டு, கலை என்று நடக்கும் என்ரிச்மென்ட் எல்லாம் வருகின்றன. புதன் பின்னேரத்தை விளையாட்டுக்கு ஒதுக்குவது பல்கலைக்கழகங்களிலும் உள்ள பழைய வழக்கம்.

வெறும் கட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சை வரைக்கும் மணி அடித்தால் எழும்பி அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளை இப்போது முதல் தடவையாக, செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கிறது. முதல் தவணையில் அநேகமாக எல்லோரும் அந்த நேரத்தைக் கன்ரீனில் தொலைப்பார்கள். நவம்பரில் முதல் சோதனைத் தாள் கைக்கு வந்ததும் பாதிப் பேர் நூலகத்துக்கு வருவார்கள். மற்றப் பாதியைத் தேடிப் பிடிப்பதுதான் டியூட்டரின் வேலை. இந்தப் பயிற்சி வீட்டிலிருந்து வராது. வீட்டில் நாங்கள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

டியூட்டரைப் பற்றி இன்னொன்று. பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸுக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு போகும் பாடசாலையின் பரிந்துரையில் அநேகமாக அவர் கைதான் இருக்கும். முகம் கூடச் சரியாகத் தெரியாத பிள்ளையைப் பற்றி அவர் என்னத்தை எழுதுவார்? பெற்றோர் மாலையில் அந்தக் கட்டங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். புதன் பின்னேரம் வரவு பதிகிறீர்களா, டியூட்டர் பிள்ளையோடு தனியே கதைக்கும் நேரம் தவணைக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அங்கேதான் பிரச்சினை.

வெம்பிளி தம்பி: மிஸ், நாலு ஏ லெவல் எடுத்தால் மெடிசினுக்கு நல்லதா?

பதில்: இல்லை. மருத்துவக் கல்லூரிகள் இடம் தருவது மூன்று பாடப் பெறுபேற்றின் மேல். நாலாவது உங்களுடைய நித்திரையைத்தான் எடுக்கும். விதிவிலக்கு ஃபர்தர் மேத்ஸ், அதாவது கணிதத்தோடு எடுக்கும் இரண்டாவது கணிதப் பாடம். கணிதம், பொறியியல் பக்கம் போகிறவர்கள் அதை நாலாவதாக எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மிட்ச்சம் அம்மா: மகள் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். மிருதங்கமும் பழகுகிறாள். இதெல்லாம் எங்களுடைய விஷயம்தானே, டியூக் ஒஃப் எடின்பரோவுக்குக் கணக்கில் எடுப்பார்களா?

பதில்: தாராளமாக. இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் வருடக்கணக்காகச் செய்கிற வேலையைப் படிவத்தில் எழுதாமல் விட்டுவிட்டு, "ஒன்றும் செய்யவில்லை மிஸ்" என்று வந்து நிற்பார்கள்.

1956இல் தொடங்கிய, இளையோருக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலையில் கொடுக்கும் விருது இது. தங்க நிலைக்கு வயது 16 ஆகியிருக்க வேண்டும், 25ஆவது பிறந்தநாளுக்குள் முடித்தால் போதும். தொண்டு 12 மாதம். உடற்பயிற்சி, திறன் இரண்டில் ஒன்று 12 மாதம், மற்றது 6 மாதம். வெள்ளி எடுக்காமல் நேரே தங்கத்துக்கு வந்தால் கூடுதலாக 6 மாதம். இவற்றோடு நாலு பகல் மூன்று இரவு நடைப்பயணம், முன்பின் தெரியாதவர்களோடு ஐந்து பகல் நாலு இரவு தங்கல்.

தமிழ்ப் பாடசாலை உதவி தொண்டில் வரும். மிருதங்கம் திறனில் வரும். பரதநாட்டியம் பழகும் பிள்ளை அதை உடற்பயிற்சியில் போடலாம். மதிப்பீட்டாளராகக் கையெழுத்துப் போடுகிறவர் உறவினராக இருக்கக் கூடாது, அது மட்டும் கவனம். பெரியம்மாதான் அதிபர் என்றால் வேறு ஆசிரியரைக் கேளுங்கள்.

கூடாரத்துக்குப் பயந்து பிள்ளையை மறிக்கிற அம்மாமாரே, மழையில் நாலு நாள் நடந்து, தன் நூடில்ஸைத் தானே அவித்துத் தின்றுவிட்டு வருகிற பிள்ளைதான் அடுத்த வருடம் லீட்ஸில் தனி அறையில் இருக்கப் போகிறது.

இந்த விருதுக்குச் சேர்க்கையில் கணக்கிடும் யூகாஸ் புள்ளி கிடையாது. கிடைக்கும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஸ்லோ, சென்னையிலிருந்து வந்த அப்பா: மேடம், நாங்க வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. அங்க பிளஸ் டூன்னா போர்டு மார்க் மட்டும்தான். இங்க பெர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதணும்னு பையன் சொல்றான். அதுக்கு எத்தனை சர்டிஃபிகேட் வேணும்? யுனிவர்சிட்டி ஃபீஸ் எங்களுக்கு எந்தக் கணக்குல வரும்?

பதில்: கட்டணம் விசாவைப் பொறுத்தது, என் துறை இல்லை. வெளிநாட்டு மாணவர் விவகாரங்களுக்கான யூகிசா அமைப்பின் வழிகாட்டலைப் படியுங்கள்.

சான்றிதழ் ஒன்றும் வேண்டாம் சார். 2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தத் துறை, படித்த பாடங்கள் எப்படித் தயார் செய்தன, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படி உதவும். மொத்தம் இடைவெளி உட்பட 4000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்விக்கு இருபது சான்றிதழ்ப் பெயரை அடுக்குகிறவன் தோற்பான். தாத்தாவை வாரா வாரம் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனதில் என்ன கவனித்தான் என்று எழுதுகிறவனைப் படிக்கிறவருக்கு நினைவிருக்கும்.

பழைய எச்சரிக்கை ஒன்று. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, ஆயிரக்கணக்கில் பவுண்ட் கேட்கும் கோடை முகாம்கள் பல, விடுமுறையில் கல்லூரிக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் தனியார் வியாபாரம். சேர்க்கையில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இலவசமானவை இருக்கின்றன: அரசுப் பாடசாலை இயர் 12 பிள்ளைகளுக்கு ஒக்ஸ்ஃபோர்ட் நடத்தும் யூனிக், சட்டன் டிரஸ்ட் கோடைப் பள்ளிகள். கிரெஷாம் கல்லூரி 1597இலிருந்து லண்டனில் பொது விரிவுரை நடத்துகிறது, இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இல்ஃபோர்ட் மாமி: நாலு ஏ லெவல் எடுத்தால் ஒக்ஸ்ஃபோர்ட்...

பதில்: மேலே வெம்பிளித் தம்பிக்குச் சொன்னதேதான்.

ஈஸ்ட்ஹாம் அப்பா: மகளுக்கு அரங்கேற்றம் வைக்க யோசிக்கிறோம். இயர் 12 முடிந்து வரும் ஜூலையில். மண்டபம் பார்த்தாச்சு. மெடிசின் போகத்தான் விருப்பம். சரியா?

பதில்: வைக்க வேண்டும். அந்த ஜூலையில் வேண்டாம். இயர் 12 ஜூன் மாதச் சோதனையை வைத்துத்தான் அநேகமாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எதிர்பார்ப்புப் பெறுபேறு போடுகிறார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட். ஒரு வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுதலாம். மெடிசினுக்கு யூகாஸ் கடைசி நாள் ஒக்டோபர் 15. இவ்வளவுக்கும் நடுவில் அலாரிப்பு முதல் தில்லானா வரை மார்க்கம் முழுவதையும் மேடையேற்றச் சொல்கிறீர்கள்.

சறே டொக்டர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்த இரண்டு வருடமும் நாங்கள் வெளியுலகம் பார்க்கவில்லை. புத்தகம், ரியூசன், நித்திரை. அதனால்தான் இன்றைக்குக் கன்சல்டன்ட். நடனம், கூடாரம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

பதில்: டொக்டர், உங்களை மருத்துவ பீடத்துக்கு அனுப்பியது பரீட்சைப் புள்ளி. அங்கே யாரும் உங்களை எதிரில் இருத்திக் கேள்வி கேட்கவில்லை. இங்கே ஏ ஸ்டார் வாங்கக் கூடிய பிள்ளைகளே வரிசையில் நிற்க, நேர்முகத்தில்தான் கழிக்கிறார்கள். அறை அறையாகச் சில நிமிடம் இருத்தி, "கூட வேலை செய்தவரோடு முரண்பட்டபோது என்ன செய்தாய்", "தோற்றுப்போன ஒன்றைச் சொல்" என்று கேட்கிறார்கள். ரியூசன் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளை அங்கே வாயே திறக்காது. நான் பயிற்சி நேர்முகம் நடத்துகிறேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடன ஆசிரியை, ஹேய்ஸ்: மிஸ், இயர் 12ஐ விட்டால் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், பிறகு சலங்கையைத் தொடாது. சின்ன வயதிலிருந்து பழக்கினது அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்தையும் யோசியுங்கள்.

லெஸ்டர், பழைய மாணவி: நான் இயர் 12 கோடையில்தான் அரங்கேற்றம் செய்தேன். மேடையில் அழகாகத்தான் இருந்தது. யூகேட் கோட்டைவிட்டேன். இப்போது பயோமெடிக்கல் படிக்கிறேன், பிழையில்லை. ஆனால் எந்த நாள் வைக்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சறே டொக்டர்: பார்த்தீர்களா? நான் சொன்னதுதான்.

பதில்: நீங்கள் சொன்னது நடனமே வேண்டாம் என்று. தங்கச்சி சொல்வது நாள் பிழை, தன்னைக் கேட்கவில்லை என்று. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ரீச்சர், உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஜிசிஎஸ்ஈ முடிந்த கோடை. பரீட்சை ஜூனில் முடியும், செப்டெம்பர் வரைக்கும் பாடசாலையே இல்லை. பிள்ளைக்கு வயது 16, உடம்பும் மனதும் தயார் என்றால் அதைவிட நல்ல காலம் கிடைக்காது. மற்றது, இயர் 13 பரீட்சை முடிந்த கோடை. பழக்கம் விட்டுப்போகாமல் இயர் 12, 13 இரண்டிலும் கிழமைக்கு ஒரு வகுப்பு போதும். அதை நீங்கள்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்காக நாள்தோறும் ஒத்திகை என்று நிற்கக் கூடாது.

பிள்ளைக்கே ஆர்வம் இருந்தால் இன்னொன்றும் சொல்வேன். ஈபிகியூ என்று ஒரு தகுதி இருக்கிறது, ஏ லெவலின் பாதி மதிப்பு. ஏ ஸ்டாருக்கு யூகாஸில் 28 புள்ளி, முழு ஏ லெவலில் 56. 5000 சொல் ஆய்வுக் கட்டுரை, அல்லது தானே உருவாக்கிய ஒரு படைப்போடு சிறிய அறிக்கை. ஒரு சிறிய உருப்படியைத் தானே அமைத்து, ஏன் அப்படி அமைத்தேன் என்று பதிவேடு எழுதலாம். குரு அமைத்ததை அப்படியே ஆடினால் ஏற்கமாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் அப்பா: மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாச்சே மிஸ்.

பதில்: முதலில் மகளைக் கேளுங்கள். பிறகு மண்டபக்காரரைக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், இயர் 13: மிஸ், பாடசாலைக் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வருமா?

பதில்: போய்ப் பாருங்கள். சொன்னதை வீட்டுக்குச் சொல்வது வழக்கம் இல்லை. உங்களுக்கோ வேறொருவருக்கோ பெரிய ஆபத்து என்று பட்டால் மட்டும் பாதுகாப்புப் பொறுப்பாசிரியரிடம் சொல்வார்கள், அதையும் அநேகமாக உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்கள். முதல் சந்திப்பிலேயே, "எதை வெளியே சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், கோபிக்கமாட்டார்கள். 16 வயதுக்கு மேல் குடும்ப வைத்தியரான ஜிபியையும் தனியாகப் பார்க்கலாம். இரவில் ஒருவரும் இல்லையென்றால் சைல்ட்லைன் 0800 1111, இலவசம், 19 வயதுக்குக் கீழ் யாரும் கதைக்கலாம். நாளைக் காலையில் டியூட்டரிடம், "கவுன்சிலரைப் பார்க்க வேண்டும்" என்ற ஒரே வசனம் சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டார்.

குரொய்டன் தம்பி: ஈபிகியூவுக்கு யாழ் நூலகம் பற்றிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் தலைப்பு மட்டும் போதாது. எரிந்த வரலாற்றை மட்டும் எழுதினால் ஆயிரம் சொல்லில் கதை முடிந்துவிடும். கேள்வியாக்குங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகம் 1914இலும் 1940இலும் எரிந்தது, யாழ் நூலகம் 1981இல். எரிந்த சேகரிப்பை எதைக் கொண்டு மீட்டார்கள், எது மீளவே இல்லை? இது 5000 சொல் தாங்கும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் பேட்டி எடுப்பதற்கு முன் மேற்பார்வையாளரிடம் அனுமதிப் படிவம் கேளுங்கள்.

ஹவுன்ஸ்லோ அம்மா: எங்களுக்கு வருமானம் குறைவு. மகன் சனிக்கிழமை கடையில் வேலை செய்கிறான். இது என்ரிச்மென்ட் ஆகுமா? விடச் சொல்லவா?

பதில்: விடச் சொல்லாதீர்கள். கடையில் கோபக்காரரைச் சமாளித்தது நேர்முகத்தில் நின்று பேசும். கிழமைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் எனக்குக் கவலை. அதோடு 16-19 பேர்சரி நிதியை அவன் வாயாலேயே பாடசாலையில் கேட்கச் சொல்லுங்கள். பயணம், புத்தகம், சாப்பாடு என்று கொடுப்பார்கள். இலவச மதிய உணவுக்கும் தனியே விண்ணப்பிக்கலாம். லண்டன் பயண அட்டையான 16+ ஸிப் ஒய்ஸ்டர் இருந்தால் பஸ் இலவசம். பிள்ளைக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் 16இல் தானாக நின்றுவிடும், படிப்பு தொடர்கிறது என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அறிவியுங்கள். பெருமைக்காகக் கேட்காமல் விடுகிற குடும்பங்கள் எங்கள் ஆட்களில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிங்ஸ்டன் அண்ணா: 11 பிளஸுக்கு எந்தப் புத்தகம்?

பதில்: அது கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு. அறை மாறி வந்துவிட்டீர்கள்.

பார்க்கிங் (Barking) தங்கச்சி: ஒரு கோடை முகாமில் மருத்துவ வேலை அனுபவச் சான்றிதழ் தருகிறார்களாம், 1,900 பவுண்ட்...

பதில்: வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு மணி நேரம், ஆறு மாதம்.

நியூமோல்டன் அப்பா: நாலு ஏ லெ...

பதில்: மூன்று. மூன்று. மூன்று.

ஈஸ்ட்ஹாம் அப்பா: மிஸ், மகளோடு கதைத்தேன். இயர் 13 முடியட்டும் என்கிறாள். மண்டபக்காரரும் முற்பணத்தை மாற்றித் தருகிறார். ஓகஸ்ட் நடுவில், ஒரு வெள்ளி மட்டும்தான் இருக்கிறதாம்.

பதில்: முதலில் அந்த வருடப் பெறுபேற்று நாளைப் பாருங்கள், ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை வரும். அதற்கு அடுத்த நாள் வெள்ளி என்றால் வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் வியாழனன்று பிள்ளை, மிஞ்சிய இடங்களைத் தேடும் கிளியரிங்குக்குத் தொலைபேசியும் கையுமாக இருக்க வேண்டி வரும். அலாரிப்புக்கு முதல் நாள் அந்த வேலை வேண்டாம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள், அழைப்பிதழ் எனக்கும் ஒன்று.