கேள்வி – பதில்: உறைந்த உடலும் உயிர்பெற்ற சிறுநீரகமும்

கேள்வி: இறந்தவரின் உடலை உறையவைத்து, பிற்காலத்தில் உயிர்ப்பிக்கும் முறையை மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கிவிட்டதாக என் மகன் கூறுகிறான். இது உண்மைதானா?
– வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: தங்கள் மகன் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. மருத்துவம் ஏற்றுக்கொண்டு வருவது குளிரைத்தான். இறந்தவர் எழுவார் என்ற வாக்குறுதியை அல்ல.

தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி கொட்டினால் மறுநாள் கொழுந்து கருகிக் கிடப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கலங்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகி அவற்றைச் சிதைப்பதே அதற்குக் காரணம். மனித உடலை உறையவைப்பதிலும் இதுவே பெருந்தடை. 1967 ஜனவரி 12 அன்று அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் முதன்முதலாக இவ்வாறு பாதுகாக்கப்பட்டது. அவருக்குப் பின் சில நூறு பேரின் உடல்கள் −196 பாகை செல்சியஸ் குளிரில், திரவ நைதரசனில் வைக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவரேனும் மீண்டதில்லை. இதில் ஈடுபடுவோரை உறுப்பினராக ஏற்பதற்கே குளிர்நிலை உயிரியலாளர் சங்கம் 1982 இல் தடை விதித்தது.

ஆயினும் அதே குளிரைக் கொண்டு மருத்துவம் வேறு வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. உறையவைத்த முளையத்திலிருந்து (கருவின் தொடக்க நிலை) 1984 இல் மெல்பேர்னில் குழந்தை பிறந்தது. 2023 இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீர் பனிக்கட்டியாகாமல் கண்ணாடிபோல் இறுகும்படி எலிகளின் சிறுநீரகங்களைக் குளிர்வித்து, 100 நாட்கள் வரை வைத்திருந்து, இரத்தக் குழாய்களுள் செலுத்திய நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி, எங்கும் ஒரே சீராக வெப்பமேற்றினர். சீரற்று வெப்பமேறினால் உறுப்பில் விரிசல் விழுந்துவிடும் என்பதால், உறையவைப்பதைவிட மீட்பதே கடினமான பகுதி. அச்சிறுநீரகங்களைப் பொருத்திய எலிகள் அவற்றைக் கொண்டே உயிர்வாழ்ந்தன. எலியின் சிறுநீரகம் ஓரிரு கிராம். மனிதருடையதோ ஏறத்தாழ 150 கிராம். அந்த இடைவெளி இன்னும் கடக்கப்படவில்லை.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுவே. இன்று தானமாகப் பெறும் சிறுநீரகத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் ஒன்றரை நாளளவே வைத்திருக்க இயலும். அது மாதக்கணக்காக நீளுமானால், தோட்டத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கண்டிக்குச் சென்றுவரும் நம் உறவுகளுக்குப் பொருத்தமான உறுப்பு கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: தந்தையார் படுக்கையில் இருக்கிறார். கடன்பட்டேனும் அவர் உடலை இவ்வாறு பாதுகாக்கலாமா?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் மிகக் குறைந்த கட்டணமே 28,000 டொலர். அதுவும் இறப்பு, சட்டப்படி உறுதியான பின்னரே தொடங்கக்கூடியது. அப்பணத்தைத் தந்தையாரின் வலி தணிக்கும் சிகிச்சைக்குச் செலவிடுங்கள். அவருக்கு விருப்பமிருப்பின் 1961 முதல் இயங்கும் இலங்கைக் கண்தானச் சங்கத்தில் பதிவுசெய்யலாம். இறந்த சில மணித்தியாலங்களுக்குள் எடுக்கப்படும் விழிவெண்படலம் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) 4 பாகைக் குளிரில் இரு வாரம் வரை கெடாதிருக்கும்.