தலையில் அடிபட்ட மகனைக் கபடி ஆட அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சியில் ‘கபடி, கபடி’ என்று பாடிப் போனபோது, மடக்கிப் பிடித்த பையன் ஒருவனின் முழங்காலில் இவன் தலை மோதிவிட்டது. மயக்கம் போடவில்லை. ஆனால் ‘இப்ப யாரு பாடுறது?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். அன்று இரவு ஒருமுறை வாந்தி எடுத்தான். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாளே பள்ளிக்குப் போய்விட்டான். இப்போதும் மாலையில் தலைவலிக்கிறது, பாடம் மனதில் நிற்கவில்லை என்கிறான். அடுத்த வாரம் குறுவட்டப் போட்டி. என் கணவர் ஊர் அணியில் ஆடியவர்; இதெல்லாம் சகஜம் என்கிறார். 2022-இல் பண்ருட்டிப் பக்கம் ஆட்டக்களத்திலேயே ஓர் இளைஞர் இறந்ததைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா, அடியோடு நிறுத்திவிடலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுத்த வாரம் ஆடலாமா என்பது ஒன்று. இனிமேல் ஆடலாமா என்பது மற்றொன்று. அடுத்த வாரம் ஆடக் கூடாது. இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. உடல் முழுவதும் தேறிய பிறகு, சில நிபந்தனைகளுடன் அவனைக் கபடி ஆட விடலாம் என்பது இரண்டாவது கேள்விக்கு என் கருத்து. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால், பயப்படுகிறவர் ஒரு பக்கமும் பெருமைப்படுகிறவர் ஒரு பக்கமுமாக வீட்டில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மகனுக்கு ஏற்பட்டது கன்கஷன் என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லும் மூளை அதிர்ச்சி என்றே தோன்றுகிறது. நடந்து வருகிறவர் சட்டென நின்றால் குடத்துத் தண்ணீர் விளிம்பில் மோதுவதைப் போல, தலை வேகமாக அசைந்து நிற்கும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் நரம்புச் செல்களின் வேலை சில நாட்களோ சில வாரங்களோ தடுமாறுகிறது. பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதில்லை. ஆகவே ‘மயக்கம் போடவில்லையே’ என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதே போதிய அடையாளம். சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிப்பதற்கானது. அவை இல்லை என்று தெரிந்தது பெரிய நிம்மதிதான். ஆனால் மூளை அதிர்ச்சி அந்தப் படத்தில் தெரிவதில்லை என்பதால், ஸ்கேன் சரியாக இருப்பதை ஆடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று வாரம் கழித்தும் மாலையில் தலைவலிக்கிறது, பாடம் மனதில் நிற்கவில்லை என்று அவனே சொல்கிறானே, அதைத்தான் நாம் நம்ப வேண்டும்.

இந்த நிலையில் இன்னொரு முறை தலையில் அடிபட்டால் அறிகுறிகள் மாதக்கணக்கில் நீளக்கூடும். மிக அரிதாக, முதல் அடியிலிருந்து தேறாத மூளை இரண்டாவது அடியில், அது சிறிய அடியாக இருந்தாலும், கட்டுக்கடங்காமல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுவதுண்டு. அப்படிப் பதிவாகியிருப்பவை பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நேர்ந்தவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூளை அதிர்ச்சிக்குப் பின் சுதாரிப்பும் உடல் சமநிலையும் சற்றே மந்தப்பட்டிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் காலை இழுத்துக்கொள்ள வேண்டிய கபடியில் அந்த மந்தம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கேடாக முடியும். குறுவட்டப் போட்டி அடுத்த ஆண்டும் வரும் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் நீங்களே நேரில் சென்று சொல்லிவிடுங்கள். அந்த வேலையைப் பையனிடம் விடாதீர்கள். அணியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் தலைவலியை மறைக்கும் பிள்ளைகள் அநேகம்.

அதற்காக அவனை இருட்டறையில் படுக்கப் போட வேண்டியதில்லை. ஓய்வு என்பது முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குத்தான். அதன் பிறகு தலைவலியைக் கூட்டாத அளவுக்கு நடப்பது குணமாவதற்கு உதவுகிறது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. முதலில் படிப்பு, பிறகுதான் ஆட்டம். ஒரு முழுப் பள்ளி நாளைத் தலைவலி இல்லாமல் கழிக்க முடியாத பிள்ளை களத்துக்குப் போகக் கூடாது. அது வசப்பட்ட பின் மெல்லோட்டம், அதன் பின் யாரும் தொடாமல் தனியாகச் செய்யும் கால் பயிற்சி என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். அறிகுறி கூடினால் முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும். பிரிட்டனில் 2023-இல் வெளியிடப்பட்ட பொது வழிகாட்டுதல், உடலோடு உடல் மோதும் பயிற்சிக்குத் திரும்புமுன் ஓய்வில் 14 நாட்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றும், அடிபட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் போட்டியில் இறங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த 21 நாள் கணக்கை உங்கள் மகன் எட்டிவிட்டான். ஆனால் அவனுக்கு அந்த 14 நாள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. பிடித்து ஆடும் பயிற்சிக்குப் போவதற்கு முன் ஒரு மருத்துவர் அவனை நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குத்துச்சண்டைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அதில் எதிராளியின் தலையில் அடிப்பதற்கும் புள்ளி கிடைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் சிறுவர்களுக்கு அதை எதிர்க்கிறது. ஆண்டுக்கணக்கில் தலையில் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். கபடியின் நோக்கம் அதுவன்று. அதில் தலையில் படும் அடி விபத்தாக நேர்வது. நல்ல பயிற்சியால் பெருமளவு தவிர்க்கக் கூடியது. குழந்தைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கைப்பேசியை வைத்துவிட்டுத் தானாகக் களத்துக்கு ஓடும் ஒரு பிள்ளையை அச்சத்தால் மட்டும் வீட்டில் உட்கார வைப்பதும் ஓர் இழப்புதான்.

ஆகவே கபடி ஆபத்தானதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அவன் எங்கே, யாரோடு, யாரிடம் ஆடுகிறான் என்று பாருங்கள். ஒரு மாலை நேரம் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய் ஓரமாக நின்று கவனியுங்கள். 12 முதல் 14 வயதில் ஒரே வகுப்பில் மீசை அரும்பிய 55 கிலோ பையனும், இன்னும் குரல்கூட உடையாத 32 கிலோ பையனும் இருப்பார்கள். வயதுச் சான்றிதழ் இருவருக்கும் ஒன்றுதான், எலும்புகள் ஒன்றல்ல. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, சுற்றியுள்ள தசைநார்களைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் ஒரு முறுக்கு, இந்த வயதில் வளர்ச்சித் தட்டின் முறிவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கை கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். அதனால் முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு வீங்கினால் எண்ணெய் போட்டு நீவி விடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. பயிற்சியாளர் பிள்ளைகளை எடை பார்த்து ஜோடி சேர்க்கிறாரா, தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து பிடிக்கிறவனை நிறுத்தித் திருத்துகிறாரா, நால்வர் ஐவராக மேலே விழுந்து அமுக்கும்போது விசில் உடனே ஒலிக்கிறதா என்பவற்றை அங்கே ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்வீர்கள். தரையையும் பாருங்கள். கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்த மண் நல்ல தரை. வெயிலில் இறுகிக் கிடக்கும் பள்ளி வளாகம் அப்படியன்று. ஆட இறங்குமுன் நகங்களை ஒட்ட வெட்டி, காப்பு, கழுத்துக் கயிறு, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பிடிக்க வருகிறவனின் விரல் அரைஞாணில் மாட்டி முறிந்து வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பொங்கலையொட்டி நம் பக்கத்து ஊர்களில் இரவு முழுவதும் விளக்கு கட்டி நடக்கும் போட்டிகளில், ஆள் குறைகிறது என்று பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு இறக்குகிறார்கள். 18 வயது ஆகும்வரை அதற்கு அனுப்பாதீர்கள். உங்கள் கணவருக்கும் இதையே சொல்வேன். அவர் ஆடிய அனுபவம் மகனுக்குப் பெரிய வரம், ஆனால் அந்த அனுபவம் பயிற்சி கொடுப்பதற்குப் பயன்படட்டும். அதேபோல், எடைப் பிரிவுக்குள் வருவதற்காகப் போட்டிக்கு முந்தைய நாள் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வெயிலில் ஓடி வியர்வை சிந்தச் செய்வது வளரும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. சிறுநீரகமும் இதயமும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

பண்ருட்டி நிகழ்ச்சியை எழுதியிருந்தீர்கள். அந்த இளைஞரின் மரணத்துக்கு என்ன காரணம் என்று நான் இங்கே ஊகிப்பது முறையாகாது. ஆனால் இளவயதினர் களத்தில் சாய்ந்து இறப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்களை எண்ணிப் பார்க்கிறோம். ஒன்று, முன்பே இருந்து கண்டறியப்படாத இதயக் கோளாறு; மற்றொன்று, நெஞ்சின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி இதயத் துடிப்பைக் குலைத்துவிடுவது. இரண்டாவது மிக அரிது. முதலாவதற்கு நீங்கள் செய்யக் கூடியது உண்டு. ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா, நெஞ்சு வலி என்றிருக்கிறானா, சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு நீண்ட காய்ச்சல் வந்ததா, இரு குடும்பங்களிலும் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருக்கிறார்களா என்று யோசியுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும், இ.சி.ஜி., எக்கோ ஆகிய இதயப் பரிசோதனைகளை முடித்த பின்னரே ஆட்டம்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஆம்புலன்ஸ் ஏற்பாடு என்ன என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தவரின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தெரிந்த ஒருவர் களத்தில் இருந்து, இன்னொருவர் உடனே 108-ஐ அழைத்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு. தலையில் அடிபட்டவனை முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் தட்டி, தூக்கி உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். கழுத்தில் வலியோ கை கால் மரத்துப்போவதோ இருந்தால் அவனை அசைக்கவே கூடாது. அடிபட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவனுக்குச் சில மணி நேரம் கழித்துத் தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி தொடர்வது, எழுப்ப எழுப்பத் தூங்குவது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, காதிலோ மூக்கிலோ நீர் வடிவது ஆகியவை மண்டைக்குள் இரத்தம் கசிவதையோ மண்டையோடு முறிந்திருப்பதையோ காட்டக்கூடும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எப்படியிருந்தாலும், தலையில் அடிபட்டவன் அன்று மறுபடி களத்தில் இறங்கக் கூடாது.

சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியவை சில. காய்ச்சலின்போது ஆட வேண்டாம். டெங்கு வந்து போனால் தட்டணுக்கள் சீராகி மருத்துவர் சொன்ன பின்னரே ஆடலாம். படர்தாமரை, சிரங்கு போன்றவை ஆறும்வரை விலகியிருக்க வேண்டும், அவை மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டும். 10 வயதில் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி விடுபட்டிருந்தால் இப்போது போட்டுவிடுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் கட்டுப்பாட்டில் இருந்தால் ஆடலாம். இரத்தம் உறையாக் குறைபாடு உள்ள பிள்ளைகள் கபடி ஆடக் கூடாது. ஒரே ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களும் ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இப்போதைக்கு, தலைவலி எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது வருகிறது என்று ஒரு நோட்டில் தினமும் குறித்து வாருங்கள். இரவில் கைப்பேசி பார்ப்பதை நிறுத்தி, எட்டு ஒன்பது மணி நேரமாவது தூங்கச் சொல்லுங்கள். தலைவலி மாத்திரையைத் தினமும் கொடுத்துப் பழக்காதீர்கள். மாத்திரையே பின்னர் தலைவலிக்குக் காரணமாகிவிடும். வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, வீட்டுப்பாடத்தைச் சில நாட்கள் குறைத்துத் தரக் கேளுங்கள். அடிபட்ட நாளிலிருந்து நான்கு வாரம் ஆகியும் அறிகுறிகள் தீரவில்லை என்றால், ஸ்கேன் படத்தையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டுங்கள். கழுத்துத் தசை, பார்வை, சமநிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாலைத் தலைவலிக்குக் கழுத்துப் பிடிப்பே காரணமாக இருந்து, சில வார உடற்பயிற்சிச் சிகிச்சையிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.